நகையும் நடுக்கமும்: அணுகுண்டுப் பதுங்கறை ஆட்டம் ஒன்றன் ஆய்வு

சிரிப்பெல்லாம் ஒரு தன்மையது அன்று. குழந்தையின் மழலை கேட்டுச் சிரிப்பது ஒருவகை. சேற்றில் வழுக்கி விழுந்தவனைக் கண்டு சிரிப்பது ஒருவகை. தன் துன்பத்தைத் தானே எண்ணிச் சிரிப்பது வேறொரு வகை. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறுமிடத்து நகையை முதலில் வைத்தார். அழுகையை அதனை அடுத்து வைத்தார். நகை பிறக்கும் நிலைக்களன் நான்கனுள் எள்ளல் என்பதும் ஒன்று. அதற்கு உரை கண்ட பேராசிரியர், அவ்வெள்ளலை இரண்டாகப் பகுத்தார். பிறரைத் தான் இகழ்ந்து நகுதல் ஒன்று. பிறரால் தான் இகழப்பட்டவிடத்துத் தானே நகுதல் மற்றொன்று. முன்னது எவர்க்கும் எளிதில் வரும். பின்னதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

சாவின் வாயிலில் நின்று சிரிக்கும் சிரிப்பு இப்பின்னதன் இனத்தைச் சேர்ந்தது. மேலை நாட்டார் இதனைக் கருப்பு நகைச்சுவை என்று வழங்குவர். அணுகுண்டுப் போரை வைத்தே ஒரு நகைச்சுவைப் படம் எடுக்கலாம் என்பதை ஸ்டான்லி குப்ரிக் என்னும் இயக்குநர் 1964-ஆம் ஆண்டில் 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்' என்ற திரைப்படத்தின் வாயிலாகக் காட்டினார். அரை நூற்றாண்டுக்குப் பின்னர் அதே பொருள் வேறொரு வடிவில் வந்தது. நூலாகவும் அன்று, நாடகமாகவும் அன்று; 'வீடியோ கேம்' என்று இளைஞர் வழங்கும் கணினி ஆட்டமாக வந்தது.

ஆட்டத்தை ஆராய்வதா என்று தமிழாசிரியர் சிலர் வினவலாம். 2020-ஆம் ஆண்டு சூன் திங்களில் போலந்து நாட்டின் தலைமையமைச்சர், போர் பற்றிய கணினி ஆட்டம் ஒன்று உயர்நிலைப் பள்ளிகளுக்கான பரிந்துரை நூற்பட்டியலில் இடம்பெறும் என அறிவித்தார். அவ்வாட்டம் வார்சா நகரத்தில் உருவாகி 2014-இல் வெளிவந்த 'திஸ் வார் ஆஃப் மைன்' என்பது. கதையும் கவிதையும் போல ஆட்டமும் மாணவர் உள்ளத்தில் கருத்தை விதைக்கும் என்பதை ஓர் அரசே ஒப்புக்கொண்ட பின்னர், அவர்கள் எதை ஆடுகிறார்கள், அது எதைச் சொல்லுகிறது என்று ஆராய்வது ஆசிரியர்க்குப் பொருந்தாத பணி ஆகாது.

ஈண்டு ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுவது அதே போலந்து நாட்டிலிருந்து மறு ஆண்டில் வந்த மற்றோர் ஆட்டம். அதன் பெயர் 'சிக்ஸ்டி செகண்ட்ஸ்'. தமிழில் சொன்னால் 'அறுபது விநாடிகள்'. போஸ்னான் நகரத்தில் உள்ள 'ரோபாட் ஜென்டில்மேன்' என்னும் சிறு நிறுவனம் இதனை 2015-இல் வெளியிட்டது. 2019-இல் புதுக்கி மீண்டும் வெளியிட்டது. கணினியில் மட்டுமன்றிக் கைப்பேசியிலும் ஆடலாம். எனவே, மாணவர் சிலர் கையில் இஃது இப்பொழுதே இருக்கக்கூடும்.

அறுபது விநாடிக்குள்

ஆட்டத்தின் களம் அமெரிக்க நாடு. காலம் 1950-களின் சாயல் கொண்டது. புறநகரில் ஒரு வீடு. அதில் டெட் என்னும் குடும்பத் தலைவன், மனைவி டொலோரஸ், மகள் மேரி ஜேன், மகன் டிம்மி ஆகிய நால்வர் வாழ்கின்றனர். அபாயச் சங்கு ஊதுகிறது. அணுகுண்டு விழ 60 விநாடிகளே உள்ளன. ஆடுபவர் டெட்டாக மாறி வீடெங்கும் ஓட வேண்டும். கைக்குக் கிடைத்ததை வாரிக்கொண்டு வந்து, தரைக்கு அடியில் உள்ள பதுங்கறையின் வாயிலில் போட வேண்டும். சூப் டின், தண்ணீர், முதலுதவிப் பெட்டி, வானொலிப் பெட்டி, துப்பாக்கி, கோடரி, நச்சுப்புகை முகமூடி, நிலப்படம், டார்ச்சு விளக்கு, பூட்டு, பூச்சி மருந்து, சாரணர் கைந்நூல், சீட்டுக்கட்டு, செக்கர்ஸ் பலகை என்பன வீட்டில் ஆங்காங்கே சிதறிக் கிடக்கும். ஒவ்வோர் ஆட்டத்திலும் அறைகளும் பொருள்களும் இடம் மாறும். ஆதலால் மனப்பாடம் செய்து வெல்ல முடியாது.

இங்குதான் ஆட்டத்தின் முதற் குறும்பு உள்ளது. டெட்டின் கைகளில் நான்கு இடங்களே உண்டு. சூப் டின் ஒன்று ஓரிடத்தைக் கொள்ளும். மனிதர்களையும் அவன் தூக்கித்தான் செல்ல வேண்டும்; அவர்கள் அதைவிட மிகுதியான இடத்தைக் கொள்வர். மனைவியைத் தூக்கினால் சூப் டின்களுக்கு இடம் குறையும். மகனை எடுத்தால் தண்ணீரைக் குறைக்க நேரும். கடிகாரமோ நிற்பதில்லை. நாற்காலியில் இடறி, மேசையில் மோதி ஓடும் அந்த ஓட்டம் பார்ப்பதற்குப் பழைய ஊமைப்படக் கோமாளியின் ஓட்டம் போல இருக்கும். சிரிப்பு வராமல் இராது. ஆனால், 60-ஆம் விநாடியில் கதவு அடைபட்டபின் உள்ளே எண்ணிப் பார்க்கும்போது, ஐந்து சூப் டின்கள் இருக்கின்றன, மகள் இல்லை என்பது தெரிய வரும். அவளை யாரும் வெறுத்துக் கைவிடவில்லை. அவள் வேறோர் அறையில் இருந்தாள், கையில் இடம் இல்லை, அவ்வளவே.

பதுங்கறை நாட்குறிப்பு

ஓட்டம் முடிந்ததும் ஆட்டத்தின் நடையே மாறுகிறது. இனி ஓடுவதற்கு ஒன்றும் இல்லை. ஒரு பதுங்கறை, ஓர் ஓவியம், ஒரு நாட்குறிப்பு. ஒவ்வொரு பக்கமும் ஒரு நாள். யாருக்கு இன்று சூப், யாருக்குத் தண்ணீர், யார் வெளியே சென்று பொருள் தேடுவது, கையிலுள்ள எந்தப் பொருளை எதற்குப் பயன்படுத்துவது என்பனவற்றை ஆடுபவர் முடிவு செய்ய வேண்டும். நாள்தோறும் எல்லார்க்கும் ஊட்டினால் இருப்பு விரைவில் தீரும். ஊட்டாமல் நீட்டினால் பசியும் நோயும் வரும். ஆகவே, நன்றாக ஆடக் கற்றவர் ஒவ்வொருவரையும் எத்தனை நாள் பட்டினி போடலாம் என்று கணக்கிடக் கற்றவர் ஆகிறார்.

உடல் மட்டுமன்றி உள்ளமும் தளரும். சீட்டுக்கட்டும் செக்கர்ஸ் பலகையும் அங்கு வீண் பொருள்கள் அல்ல. பொழுதுபோக்கு இன்றி அடைபட்டுக் கிடப்போர்க்கு மனம் பேதலிக்கும். சிலர் பதுங்கறையை விட்டே ஓடிப் போவர். அறுபது விநாடி ஓட்டத்தில் சீட்டுக்கட்டைக் கண்டு, 'இதனால் என்ன பயன்' என்று ஒதுக்கியவர், பின்னர் அதற்காக வருந்துவர். மனிதன் சோற்றினால் மட்டும் வாழ்வதில்லை என்பதை இவ்வாட்டம் அறிவுரையாகக் கூறாமல் கணக்காகக் காட்டுகிறது. இதன் நல்ல இயல்புகளுள் இஃது ஒன்று.

நாட்குறிப்பின் நடையும் குறிக்கத்தக்கது. தண்ணீர் தீர்ந்தது, நோய் வந்தது, வெளியே போனவர் திரும்பவில்லை என்னும் செய்திகள் எல்லாம், விடுமுறைச் சுற்றுலாவில் மழை பெய்ததைக் குறிப்பது போன்ற தொனியில் எழுதப்பட்டிருக்கும். ஒலமும் இல்லை, ஒப்பாரியும் இல்லை. சொல்லும் பொருளுக்கும் சொல்லும் முறைக்கும் இடையே உள்ள இந்த இடைவெளியே சிரிப்பைப் பிறப்பிக்கிறது. அதுவே உள்ளத்தை உறுத்தவும் செய்கிறது.

சிரிப்பின் வேர்

இத்தகைய ஆட்டத்தைக் கண்டு, 'சாவிலும் விளையாட்டா' என்று முகம் சுளிப்போர் உண்டு. அவர்கள் ஒன்றைக் கருத வேண்டும். இவ்வாட்டத்தில் உள்ள கேலிப் பொருள்களுள் பெரும்பகுதி ஆட்டக்காரர் கற்பனையில் பிறந்தவை அல்ல; அரசாங்கங்கள் மெய்யாகவே மக்களுக்குக் கூறியவற்றின் நிழல்கள்.

1951-இல் அமெரிக்கக் கூட்டரசின் குடிமைத் தற்காப்பு நிர்வாகம் பள்ளிப் பிள்ளைகளுக்காக 'டக் அண்ட் கவர்', அதாவது 'குனிந்து மறைந்துகொள்' என்ற குறும்படத்தை எடுப்பித்தது. மறு ஆண்டிலிருந்து அது பள்ளிகளில் காட்டப்பட்டது. அதன் தலைமைப் பாத்திரம் பெர்ட் என்னும் ஓர் ஆமை. குரங்கு ஒன்று வெடிமருந்தைக் கயிற்றில் கட்டி நீட்டும்போது ஆமை ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டு தப்பும். அதுபோலவே அணுகுண்டு வெடிக்கும்போது பிள்ளைகள் மேசைக்கு அடியில் புகுந்து, கழுத்தைக் கைகளால் மூடிக்கொள்ள வேண்டும் என்று அப்படம் கற்பித்தது. வெடிப்பிடத்துக்குத் தொலைவில் உள்ளவர்கள் உடைந்த கண்ணாடிக்குத் தப்ப இஃது ஓரளவு உதவும் என்பது உண்மையே. ஆயினும், ஒரு நகரத்தையே எரிக்கும் குண்டும், குரங்கின் கைவெடியும் ஓர் இனமாக ஒப்பிடப்பட்டன. இதைவிடக் கருப்பான நகைச்சுவையை எந்த ஆட்டம் படைக்க முடியும்?

1959-இல் 'குடும்பத்துக்கான பதுங்கறை' என்னும் கையேட்டினை அமெரிக்க அரசு வெளியிட்டது. வீட்டின் அடித்தளத்தில் காங்கிரீட் கற்களை அடுக்கிக் குடும்பத்தலைவன் தானே பதுங்கறை கட்டும் முறையும், இரண்டு வாரத்துக்கு வேண்டிய பொருள்களைச் சேமிக்கும் முறையும் அதில் விளக்கப்பட்டன. அதே ஆண்டில் மியாமி நகரத்துப் புதுமணத் தம்பதியர் இருவர், பதுங்கறை விற்கும் வணிகரின் விளம்பரத்துக்காக இரண்டு வாரம் ஒரு பதுங்கறைக்குள் தேனிலவு கழித்தனர். படம்பிடித்த ஏடுகள் அதனை நாடெங்கும் பரப்பின. 1961 சூலை 25-ஆம் நாள் குடியரசுத் தலைவர் கென்னடி, பெர்லின் நெருக்கடி குறித்து நாட்டு மக்களுக்கு ஆற்றிய உரையிலேயே பதுங்கறைகளுக்குப் பணம் ஒதுக்குமாறு கேட்டார்.

இரண்டு வாரம் என்னும் கணக்கு எங்கிருந்து வந்தது என்பதும் அறியத்தக்கது. அணுகுண்டு தரையருகே வெடிக்கும்போது மண்ணும் தூளும் கதிரியக்கம் ஏறி வானில் கிளம்பி, பின்னர்த் தூசியாக இறங்கும். இவ்வணுத்தூசியின் வீரியம் காலம் செல்லச் செல்லக் குறையும். காலம் ஏழு மடங்கு ஆகும்போதெல்லாம் வீரியம் ஏறத்தாழப் பத்தில் ஒன்றாகக் குறையும் என்பது பொதுக் கணக்கு. வெடித்து ஒரு மணி நேரத்தில் 1,000 என்ற அளவில் இருந்தால், 7 மணி நேரத்தில் 100 ஆகும். 49 மணி நேரத்தில், அதாவது இரண்டு நாளில், 10 ஆகும். இரண்டு வாரத்தில் 1 ஆகும். ஆகவே, இரண்டு வாரம் உள்ளே இருந்தால் பிழைக்கலாம் என்றார்கள்.

கணக்கு பிழையன்று. ஆனால், அக்கணக்கு தூசியைப் பற்றியது. வெடிப்பையும் நெருப்பையும் பற்றியது அன்று. வெளியே வந்தபின் நீர் எங்கே, மருத்துவர் எங்கே, விளைநிலம் எங்கே என்ற வினாக்களுக்கும் அதில் விடை இல்லை. 1954 மார்ச்சு 1-ஆம் நாள் பிக்கினித் தீவுகளில் அமெரிக்கா வெடித்துச் சோதித்த நீரகக் குண்டு 15 மெகாடன் ஆற்றலுடையது. ஹிரோஷிமாவில் வீசப்பட்ட குண்டைப்போல் ஆயிரம் மடங்கு. அதன் தூசி, தொலைவில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகு ஒன்றன்மேல் பனிபோலப் பொழிந்தது. படகில் இருந்த 23 பேரும் நோயுற்றனர். வானொலி இயக்குநர் குபோயாமா அவ்வாண்டு செப்டம்பரில் இறந்தார். இத்தனையும் நடந்த பின்னரே, மேற்கூறிய கையேடு வீட்டுத் தலைவன் கையில் காங்கிரீட் கல்லைக் கொடுத்தது.

'அறுபது விநாடிகள்' ஆட்டம் அக்கையேட்டை மறுத்துப் பேசுவதில்லை. அதனை அப்படியே நம்புகிறது. நம்பி நடந்தால் என்ன ஆகும் என்று காட்டுகிறது. இரண்டு வாரம் ஆகும்போது கதவு திறந்து வசந்தம் வரவேற்கும் என்று எதிர்பார்ப்பவர்க்கு, மூன்றாம் வாரமும் நான்காம் வாரமும் வந்துகொண்டே இருக்கும். குடும்பம் கற்ற ஒழுங்கெல்லாம், சாரணர் கைந்நூல் உட்பட, சிறிது உதவிப் பின் கைவிடும். ஆட்டம் எள்ளுவது இறப்போரை அன்று. இறப்பதற்கும் பட்டியல் போட்டுக் கொடுத்த மேதாவிகளை. அப்பட்டியலை நம்பி ஓடிய ஆடுபவரும் அவ்வெள்ளலுக்கு உட்பட்டவரே. பேராசிரியர் கூறிய இரண்டாம் வகை நகை இங்குப் பிறக்கிறது.

கதவைத் தட்டுவோர்

ஆட்டத்தில் அடிக்கடி பதுங்கறைக் கதவு தட்டப்படும். வந்தவர் உதவ வந்தவரா, உதவி கேட்டு வந்தவரா, கொள்ளையடிக்க வந்தவரா என்பது திறக்கும்வரை தெரியாது. திறந்து பொருள் பெற்றவரும் உண்டு. திறந்து பொருள் இழந்தவரும் உண்டு. திறவாமல் இருந்து, வந்த உதவியைத் திருப்பி அனுப்பியவரும் உண்டு. துப்பாக்கியை எடுத்து வைத்தவர் அதனை எப்போது நீட்டுவது என்று முடிவு செய்ய வேண்டும்.

இதுவும் வெறுங் கற்பனை அன்று. 1961-இல் அமெரிக்காவில் இவ்வினா பெரும் விவாதமாக எழுந்தது. பதுங்கறை கட்டாத அண்டை வீட்டுக்காரர் குண்டு விழும் நேரத்தில் கதவை உடைக்க வந்தால் அவரைச் சுடலாமா என்பதே வினா. சுடுவேன் என்று வெளிப்படையாகச் சொன்னவர்களின் பேச்சை இதழ்கள் வெளியிட்டன. மெக்ஹ்யூ என்னும் கிறித்துவப் பாதிரியார், தன் குடும்பத்தைக் காக்கத் தந்தை வன்முறையை மேற்கொள்வதற்கு அறத்தில் இடம் உண்டு என்று அவ்வாண்டு செப்டம்பரில் கட்டுரை எழுதினார்; மற்றச் சமயத் தலைவர்கள் பலர் அதனை வன்மையாகக் கண்டித்தனர். அதே திங்களில் 'டுவைலைட் சோன்' என்னும் தொலைக்காட்சித் தொடரில், நண்பராய் இருந்த அண்டை வீட்டார் ஒரு மருத்துவரின் பதுங்கறைக் கதவை இடித்து உடைக்கும் கதை ஒளிபரப்பாயிற்று. அக்கதையில் குண்டு விழவே இல்லை. ஆனால், அந்தத் தெருவில் அன்பு செத்துவிட்டது.

பாதிரியாரின் கட்டுரையிலும் தொலைக்காட்சிக் கதையிலும் படிப்பவரும் பார்ப்பவரும் வெளியே நின்று தீர்ப்புக் கூறலாம். ஆட்டத்தில் அது முடியாது. கதவைத் திறப்பதும் அடைப்பதும் ஆடுபவரின் விரல். நூலுக்கும் ஆட்டத்துக்கும் உள்ள வேறுபாடு இதுவே. நூல் பிறர் செயலைக் காட்டி நம் கருத்தைக் கேட்கிறது. ஆட்டம் ஆடுபவரையே செய்ய வைத்து, அவர் செய்ததை அவருக்குக் காட்டுகிறது. 'நான் அப்படிச் செய்ய மாட்டேன்' என்று சொல்ல அங்கு இடம் இல்லை, செய்தாயிற்று.

எண்ணப்பட்ட மக்கள்

மனைவி இத்தனை இடம், சூப் டின் ஒரிடம் என்று மக்களையும் பொருளையும் ஒரே தராசில் வைப்பது கொடுமை அன்றோ என்று கேட்கலாம். கொடுமையே. ஆனால், அத்தராசு மெய்யாகவே இருந்தது என்பதற்கு ஆட்டம் பிறந்த நாட்டின் வரலாறே சான்று. போலந்து, சோவியத்து அணிக்கும் மேலை அணிக்கும் நடுவே கிடந்த நாடு. 1979-இல் சோவியத்து அணியின் படைத்தலைவர்கள் 'ரைன் ஆற்றுக்கு ஏழு நாள்' என்று பெயரிடப்பட்ட போர்ப் பயிற்சித் திட்டம் ஒன்றை வகுத்தனர். மேலை அணி போலந்தின் விஸ்துலா ஆற்றங்கரை நெடுக அணுகுண்டு வீசும். அதற்கு மறுமொழியாகத் தம் அணி மேற்கு ஐரோப்பாமீது குண்டு வீசி ரைன் ஆறுவரை முன்னேறும் என்பது அதன் கற்பிதம். அந்நிலையில் ஏறத்தாழ 20 இலட்சம் போலந்து மக்கள் மாய்வர் என்பது கணக்கு. 2005-இல் போலந்து அரசு இத்திட்டப் படங்களைப் பொதுமக்கள் காண வெளியிட்டது.

படைத்தலைவர்கள் இத்தகைய பயிற்சிக்கு இட்ட பெயர் போர் விளையாட்டு என்பதாகும். அவ்விளையாட்டில் 20 இலட்சம் பேர் ஓர் எண். அவ்வெண்ணுக்குப் பசி இல்லை, நோய் இல்லை, சீட்டாடும் விருப்பம் இல்லை. 'அறுபது விநாடிகள்' ஆட்டத்தில் எண்ணிக்கை நான்கே. ஆனால், அந்நால்வர்க்கும் பெயர் உண்டு, சோர்வு உண்டு, ஒருவர் போனால் எஞ்சியவர் வாட்டம் உண்டு. கேலிச்சித்திரம் போல வரையப்பட்ட இந்நால்வர், படைத்தலைவர்களின் நிலப்படத்தில் இருந்த இருபது இலட்சம் பேரைவிட மனிதர்களாகத் தோன்றுகின்றனர். இரண்டு விளையாட்டுகளில் எது பொறுப்பற்றது என்பதைக் கற்றோர் சிந்திக்க வேண்டும்.

இரண்டு வழிகள்

முன்னர்க் குறித்த 'திஸ் வார் ஆஃப் மைன்' ஆட்டத்தோடு இதனை ஒப்பிடுவது பயன் தரும். அதுவும் அடைபட்டுக் கிடப்போர் கதையே. 1992 முதல் 1996 வரை சராயேவோ நகரம் முற்றுகையிடப்பட்ட வரலாற்றை அடியொற்றி, பெயர் மாற்றிய ஒரு நகரத்தில் சாதாரணக் குடிமக்கள் உணவும் மருந்தும் தேடி உயிர் காப்பதை அது காட்டுகிறது. கரிய நிறம், தணிந்த இசை, சிரிப்புக்கு இடமே இல்லை. முதியோரிடம் மருந்தைத் திருடி வந்தவர் அன்றிரவு உறங்கமாட்டார்.

அது துயரத்தால் உணர்த்துகிறது. இது நகையால் உணர்த்துகிறது. துயரம் ஆடுபவரைச் செய்யும்போதே தடுக்கிறது. நகை தடுப்பதில்லை, செய்யவிட்டுப் பின்னர் நாணவைக்கிறது. இரண்டனுள் ஒன்றே உயர்ந்தது என்று கூறுதல் அழுகையையும் நகையையும் அடுத்தடுத்து வைத்த மரபுக்கு ஒவ்வாது. எனினும், பிந்திய வழியில் ஓர் இடர் உண்டு. நாணம் வரும் முன்னரே ஆட்டத்தை மூடிவிட்டவர்க்குச் சிரிப்பு மட்டுமே எஞ்சும்.

குறைகள்

குறைகளையும் கூறாவிடின் ஆய்வு நிரம்பாது. முதலாவது, சில முறை ஆடியபின் நாட்குறிப்புச் செய்திகள் திரும்பத் திரும்ப வருகின்றன. முதன்முறை சிரிப்பூட்டிய சொல் மூன்றாம் முறை வெறும் அறிவிப்பு ஆகிவிடுகிறது. இரண்டாவது, வெற்றியும் தோல்வியும் பெரிதும் தற்செயலால் அமைகின்றன. நன்கு சிந்தித்தவர் எலும்பும் தோலுமாய் மடிய, கண்ணை மூடித் தேர்ந்தவர் மீட்கப்படுவதும் உண்டு. போரில் அப்படித்தான் என்று சமாதானம் சொல்லலாம். ஆயினும் முடிவுக்கும் விளைவுக்கும் தொடர்பு அற்றுப் போனால், ஆட்டம் எழுப்பும் அறவினாவும் வலுவிழக்கிறது.

மூன்றாவது குறையே பெரிது. இவ்வாட்டத்தின் மூன்று கடினப் படிகளுக்கு மெய்யான குண்டுகளின் பெயர்கள் சூட்டப்பட்டுள்ளன. எளிய படி 'லிட்டில் பாய்'. இடைப்படி 'ஃபேட் மேன்'. கடும்படி 'சார் பாம்பா'. முதலது 1945 ஆகஸ்டு 6-ஆம் நாள் ஹிரோஷிமாவில் வீசப்பட்ட குண்டு. அவ்வாண்டு முடிவதற்குள் அந்நகரில் ஏறத்தாழ 1,40,000 பேர் மாண்டனர் என மதிப்பிடப்படுகிறது. இரண்டாவது ஆகஸ்டு 9-ஆம் நாள் நாகசாகியில் வீசப்பட்டது. அங்கு மாண்டவர் ஏறத்தாழ 70,000 பேர். மூன்றாவது 1961 அக்டோபர் 30-ஆம் நாள் சோவியத்து நாடு வடகடல் தீவு ஒன்றின்மேல் சோதித்தது. ஏறத்தாழ 50 மெகாடன் ஆற்றலுடையது. அதனால் எந்த நகரமும் அழியவில்லை. ஆற்றலை மட்டும் எண்ணினால் வரிசை சரி. மாண்டவரை எண்ணினால் வரிசை தலைகீழ். ஹிரோஷிமாவின் குழந்தைக்கு அஃது எளிய படி அன்று.

இப்பெயர்களின் கேலி ஆட்டக்காரருடையது அன்று என்று வாதிடலாம். முதலிரு குண்டுகளுக்குத் துப்பறியும் கதைகளின் நினைவில் விளையாட்டுப் பெயர் சூட்டியவர்கள் அவற்றை ஆக்கிய அறிவியலாரே. அது மெய். ஆனால், பிற இடங்களில் அதிகாரத்தாரின் சொல்லை எடுத்து அவர்களையே எள்ளும் ஆட்டம், இவ்விடத்தில் அவர்களின் சொல்லை எடுத்து அப்படியே வழங்குகிறது. எள்ளப்படுவோர் மாறிவிடுகின்றனர்.

மகள் மேரி ஜேன் சில ஆட்டங்களில் கதிர்வீச்சால் பேருருவ விகாரமாய்த் திரிவதும் இத்தகையதே. பழைய அமெரிக்கப் பேய்ப்படங்களைக் கேலி செய்வது நோக்கம் என்பது விளங்குகிறது. ஆயினும், கதிர்வீச்சு மெய்யாகத் தந்தது பேருருவம் அன்று, இரத்தப் புற்றுநோய். ஹிரோஷிமாவில் இரண்டு வயதில் தப்பிய சடாகோ சசாகி என்னும் சிறுமி, 1955-இல் தம் பன்னிரண்டாம் வயதில் அந்நோயால் இறந்தார். தப்பிப் பிழைத்தவர்களைத் தீண்டத்தகாதவர் போல் ஒதுக்கி, மணவுறவும் வேலையும் மறுத்தவர் ஜப்பானில் பலர். அவ்வொதுக்கலுக்கு ஊட்டமளித்தது, கதிர்வீச்சுப் பட்டவர் வேற்றுயிர் ஆவர் என்னும் இதே அச்சமாகும். ஆகவே, இவ்விரண்டு இடங்களிலும் பிறப்பது முதல்வகை எள்ளல். தன்னை நோக்கியது அன்று, பட்டவரை நோக்கியது.

ஆசிரியர் கடமை

இத்தகைய ஆட்டத்தை மாணவர்க்குக் கொடுக்கலாமா என்பது இறுதி வினா. சிறு பிள்ளைகளுக்கு இஃது ஏற்றதன்று. வளர்ந்த மாணவர்கள் எப்படியும் ஆடுவர். தடுப்பதைவிட ஆடியதைப் பற்றிப் பேச வைப்பது பயன் தரும். எதை முதலில் எடுத்தாய்? யாரை விட்டாய்? ஏன்? எந்த இடத்தில் சிரித்தாய்? அச்சிரிப்பு யாரை நோக்கியது? இவ்வைந்து வினாக்களுக்கு எழுதும் விடை ஒரு நல்ல கட்டுரைப் பயிற்சி ஆகும். மெய்ப்பாட்டியலில் நகையின் நிலைக்களன்களைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு, மாணவர் கையில் உள்ள எடுத்துக்காட்டு ஒன்று இலவசமாகவே கிடைக்கிறது.

அணுகுண்டுகள் பழங்கதை ஆகிவிடவில்லை. உலகில் ஒன்பது நாடுகள் இன்றும் அவற்றை வைத்துள்ளன. எண்ணிக்கை ஆயிரக் கணக்கில் உள்ளது. மேசைக்கு அடியில் ஒளியக் கற்பித்த ஆமைப்படத்தை அமெரிக்கக் காங்கிரசு நூலகம் 2004-இல் பாதுகாக்கத்தக்க படங்களின் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. அப்படத்தைக் கண்டு இன்றைய மாணவர் சிரிப்பர். அன்றைய மாணவர் சிரிக்கவில்லை. மேசைக்கு அடியில் மெய்யாகவே குனிந்தனர். நகைக்கத்தக்கதை நகைக்கத்தக்கது என்று காண ஒரு தலைமுறைக் காலம் பிடித்திருக்கிறது. இன்று நேர்முகத்தோடு கூறப்படும் பாதுகாப்பு உரைகளுள் எவை நாளை நகைப்புக்கு உரியன என்பதை இப்பொழுதே காணும் கண்ணை மாணவர்க்கு அளித்தல், தமிழாசிரியர் உட்பட எல்லா ஆசிரியர்க்கும் உரிய கடமையாகும்.